மன்றோவின் ஸ்வெட்டர் போதும், கவுன் வேண்டாம்

மர்லின் மன்றோவின் உடை என்றதும் காற்றில் பறக்கும் அந்த வெள்ளை கவுன்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2011 ஏலத்தில் அது கமிஷன் இல்லாமலே 46 லட்சம் டாலருக்குப் போனது. கென்னடியின் பிறந்தநாள் விழாவில் பாடியபோது அணிந்த கவுன் 2016இல் 48 லட்சம். இரண்டுமே எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒன்று கேமராவுக்காகத் தைத்தது, மற்றது மேடைக்காகத் தைத்தது. வேலை இல்லாத நாளில் அவர் மாட்டிக்கொண்ட ஸ்வெட்டரும் கால்சட்டையும்தான் சேகரிக்கத் தகுந்தவை என்பது என் கட்சி.

படத்துக்குத் தைப்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். சொந்த உடையை மன்றோவே தேர்ந்தெடுத்திருக்கிறார். இத்தாலிய வடிவமைப்பாளர் எமிலியோ புச்சியின் மேல்சட்டைகளை அவ்வளவு விரும்பியிருக்கிறார், இறந்தபோதும் புச்சி உடையில்தான் அடக்கம் செய்தார்கள். உடையின் அளவு எண்ணை வைத்து அவர் குண்டு என்று இன்றும் சிலர் சாதிப்பார்கள். அந்தக் கால அளவு எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றல்ல. உடையின் இடுப்பில் டேப்பை வைத்துப் பார்த்தால் பேச்சு முடிந்தது!

சரி, அது அவருடையதுதான் என்று எப்படி நம்புவது? புச்சி போன்ற டிசைன் அச்சிட்ட துணி என்றால் வழி உண்டு. வெட்டித் தைக்கும்போது தையலோரத்தில் டிசைன் சேரும் இடம் ஒவ்வொரு உடைக்கும் மாறும், பழைய புகைப்படத்தோடு ஒப்பிடலாம். வெறும் கறுப்பு ஸ்வெட்டரில் அது நடக்காது. அங்கே கைமாறிய காகிதங்கள்தான் சாட்சி. மன்றோ தன் உடைமைகளை நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க்குக்கு எழுதி வைத்தார். அவருக்குப் பிறகு அவை அவர் மனைவி அன்னாவிடம் வந்தன. 1999 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் அவற்றை ஏலம் விட்டது, மொத்தம் 1.3 கோடி டாலருக்கு மேல். அந்த ஏலத்தின் பட்டியல் எண்ணும் ரசீதும் கூடவே வந்தால் வாங்கலாம். "குடும்ப நண்பர் கொடுத்தார்" என்ற கடிதம் மட்டும் இருந்தால், நான் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

வாங்கியதும் துவைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வியர்வைக் கறை, பவுடர் தடம், மடித்துத் தைத்த ஓரம் எல்லாம் அவர் போட்டுக்கொண்டதன் அடையாளம். பின்னல் ஆடையை ஹேங்கரில் மாட்டினால் தோள் இழுத்துக்கொள்ளும். அமிலமில்லாத காகிதம் வைத்து, வெளிச்சம் படாமல் படுக்கை வசமாக வைக்க வேண்டும். போட்டுப் பார்க்கவே கூடாது. 2022இல் அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் அந்தப் பிறந்தநாள் கவுனை மெட் காலா என்ற நியூயார்க் ஃபேஷன் விழாவுக்கு அணிந்து போனபோது, பழைய ஆடைகளைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் கொதித்தது நியாயம்தான்.

அதைவிட என்னை எரிச்சலூட்டுவது இன்னொன்று. நடிகர்களின் உடைகளைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். ஒரு முழு உடை சொல்லக்கூடிய அளவு, தையல், பழுது எல்லாம் அதோடு போச்சு. கையா காலரா என்றுகூடத் தெரியாத துண்டுக்கு ரசிகர்கள் காசு கொடுப்பதால்தான் அந்தக் கத்தரிக்கோலுக்கு வேலை கிடைக்கிறது.