யுனிவர்சல் ஃபிட்டாம், யுனிவர்சல் ஃபிட்!

"எல்லா பைக்குகளுக்கும் பொருந்தும்" என்று அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்தவரை ஒரே ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். திட்ட மாட்டேன். கையில் ஒரு ஆலன் கீயைக் கொடுத்து, என் பைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, "மாட்டுங்க சார், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்வேன். ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு குறை. நெடுஞ்சாலையில் நூறை நெருங்கினால் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். 50 கி.மீ. வேகத்தில் தள்ளுகிற காற்று 100இல் இரண்டு மடங்கு தள்ளாது, நான்கு மடங்கு தள்ளும். அதை எதிர்த்து மூன்று மணி நேரம் ஹேண்டில் பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு இறங்கினால் கழுத்தும் தோளும் கல்லாகியிருக்கும். டூரிங் பைக் என்று பெயர் வைத்து விற்றவர்கள் முன்னால் ஒரு கையகலப் பிளாஸ்டிக்கை வைத்து அதற்கு விண்ட்ஷீல்டு என்று பெயரும் வைத்திருந்தார்கள். மீட்டரில் தூசி படியாமல் இருக்க அது உதவும். சரி, அதன் மேலே ஒரு விண்ட் டிஃப்ளெக்டர், அதாவது காற்றைத் திருப்பிவிடும் கூடுதல் தகடு, மாட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அங்கேதான்.

பெட்டியைப் பிரித்தால் ஒரு வளைந்த பிளாஸ்டிக், இரண்டு கிளாம்ப், நான்கு போல்ட், ஒரு தாள். தாளில் எழுத்தே கிடையாது. ஒரு படம், ஒரு அம்புக்குறி. அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னோம். கிளாம்ப்பின் வாய் சமமான ஓரத்தைக் கடிக்கச் செய்தது. என் விண்ட்ஷீல்டின் ஓரமோ வெளிப்பக்கமாக மடிந்து வளைந்து போகிறது. இடது கிளாம்ப் பிடித்தால் வலது கிளாம்ப் வாயைப் பிளக்கிறது. வலதை இறுக்கினால் டிஃப்ளெக்டர் ஒரு பக்கம் சாய்ந்து, சுளுக்குப் பிடித்த கழுத்து மாதிரி நிற்கிறது. நடுவில் ரப்பர் துண்டு வைத்து, பழைய டியூபை வெட்டி வைத்து, ஒரு வழியாக நிமிர்த்தினேன். இதற்குள் ஒரு போல்ட்டின் தலை வழுவழுவென்று தேய்ந்து ஆலன் கீ வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிட்டது. வெண்ணெயில் செய்த போல்ட் போலிருக்கிறது.

அது ஆடாமல் இருக்கட்டும் என்று விண்ட்ஷீல்டு போல்ட்டுகளையும் கழற்றி, மரையில் நட்டுப் பசை (போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) தடவி இறுக்கினேன். அதிலும் ஒரு கூத்து. அந்த போல்ட் போய்ச் சேரும் இடத்தில் ரப்பர் உறைக்குள் ஒரு பித்தளை நட்டு இருக்கும். ரப்பர் காய்ந்துபோயிருந்தால் போல்ட்டைத் திருகத் திருக உறை, நட்டு, போல்ட் மூன்றும் சேர்ந்து ஊர்வலம் போகும். உள்ளே கைவிட்டுப் பிடிக்க ஆறாவது விரல் வேண்டும். எப்படியோ இறுக்கினேன். பத்தே நாளில் விண்ட்ஷீல்டின் நான்கு துளைகளைச் சுற்றியும் சூரியக் கதிர் வரைந்த மாதிரி மெல்லிய வெடிப்புகள். அப்புறம்தான் விசாரித்தேன்: அந்த நட்டுப் பசை பாலிகார்பனேட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் ஆகவே ஆகாதாம், இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்க வைத்துவிடுமாம். அங்கே நைலான் வாஷர் போட்டு, இதமாக இறுக்கினால் போதுமாம். பாதித் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்புக்குறித் தாளில் இதற்கு ஒரு வரி போட இடம் இல்லையா?

சரி, பட்ட பாட்டுக்குப் பலன் இருந்ததா? முதல் ஓட்டத்தில் நெஞ்சில் காற்றே இல்லை. சட்டை படபடக்கவில்லை. ஆகா என்று வாய் திறப்பதற்குள் ஹெல்மெட் ஆட ஆரம்பித்தது. லேசாக இல்லை. யாரோ பின்னால் நின்று ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிற மாதிரி. முன்னால் போன லாரியின் நம்பர் பிளேட் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றேன். காற்று பலமாக அடித்தது, ஆனால் சீராக அடித்தது, ஆட்டம் இல்லை. டேங்கின் மேல் குனிந்தேன், நிசப்தம். இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டம். அந்த நடுவில்தான் என் தலை இருக்கிறது. அதைத் தினமும் கழற்றி டாப் பாக்ஸில் வைத்துக்கொண்டா ஓட்ட முடியும்?

நடப்பது இதுதான். விண்ட்ஷீல்டு காற்றை நிறுத்துவதில்லை, வேறு பக்கம் அனுப்புகிறது. அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி ஆகிவிடும். மேல் விளிம்பைத் தாண்டும் காற்று அந்தப் பள்ளத்துக்குள் சுருண்டு சுருண்டு விழும். அந்தச் சுழல் முகத்தில் விழுந்தால் தலை ஆடும். விளிம்பு மூன்று விரல் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், அது விழும் இடம் மாறிவிடும். அதாவது என் உயரம், என் சீட்டின் உயரம், நான் உட்காரும் விதம், ஹெல்மெட்டின் வடிவம் எல்லாவற்றையும் பொறுத்தது இது. இதில் எங்கிருந்து வருகிறது யுனிவர்சல்? அந்தச் சாமானுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து "சூப்பர்" என்று எழுதியவர் என்னைவிட அரை அடி குள்ளமாக இருந்திருப்பார். அவருக்கு சூப்பராகத்தான் இருந்திருக்கும்.

சத்தம் தனிக்கதை. நூறு கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலை எட்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது கணக்கு. போட்டுப் பார்த்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம் வருகிறது. நான் ஓட்டியதோ நாள் முழுக்க. இரவு படுத்தால் காதுக்குள் வண்டு. இத்தனை சாமானிலும் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது காதுக்குள் வைக்கும் அந்தக் குட்டிப் பஞ்சு அடைப்பான் மட்டும்தான். அதற்கு கிளாம்ப் கிடையாது, வயர் கிடையாது, அம்புக்குறித் தாளும் கிடையாது.

பின்னால் உட்காரும் மனைவியின் தீர்ப்பு இன்னும் மோசம். "முன்னெல்லாம் உங்க முதுகாவது காத்தை மறைச்சுது. இப்ப உங்க தலைக்கு மேல ஏறி வந்து நேரா என் மூஞ்சில விழுது. இதுக்குத்தான் ரெண்டு நாளா ஸ்பானரும் கையுமா உட்கார்ந்திருந்தீங்களா?" என்ன பதில் சொல்ல?

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. மோட்டோ கூசி என்ற இத்தாலிய பைக் கம்பெனி 1950லேயே பைக்குக்கென்று காற்றுச் சுரங்கம் (காற்றை வேகமாக ஊதிச் சோதிக்கும் கூடம்) கட்டி, ஆளை உட்காரவைத்துச் சோதித்தது. 1976இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் என்ற பைக்கின் ஃபேரிங்கை, அதாவது காற்றை மறைக்கும் முன்பக்க மூடியை, காற்றுச் சுரங்கத்தில் வைத்து வைத்துத்தான் செதுக்கினார்கள். சரி, அவர்கள் பெரிய கம்பெனி. கிரெய்க் வெட்டர் என்று ஒரு அமெரிக்கர் 1970களில் விண்ட்ஜாமர் என்ற ஃபேரிங்கைத் தனியாக விற்றார். ஹோண்டா கோல்ட் விங் 1975இல் மொட்டையாகத்தான் வந்தது. 1980இல் ஹோண்டாவே ஃபேரிங்கோடு கொடுக்கும்வரை வெட்டரின் சரக்கை வாங்கி மாட்டியவர்கள் ஏராளம். அதுவும் பல பைக்குகளுக்குப் பொதுவான ஃபேரிங்தான். ஆனால் அந்த மனுஷன் மாட்டுவதற்கான பிராக்கெட்டை மாடலுக்கு மாடல் தனித்தனியாகக் கொடுத்தார். ஐம்பது வருடம் கழித்து நமக்குக் கிடைப்பது உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கிளாம்ப்.

டிஃப்ளெக்டரோடு நின்றேனா? மூக்கறுபட்டவன் அத்தோடு விட்டால்தானே. "காற்று சரியாகாவிட்டால் போகிறது, வெளிச்சமாவது இருக்கட்டும்" என்று கூடுதல் விளக்கு வாங்கினேன். இருபது வாட் விளக்கு இரண்டு. சேர்த்து 40 வாட், 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே என்று போக வேண்டிய வேலை. மாட்டிக் கொடுத்தவர் ஹெட்லைட் வயரிலேயே ஒரு நீல நிற கிளிப்பைக் கடிக்கவைத்து, மேலே டேப்பைச் சுற்றி, "ஒண்ணும் ஆகாதுண்ணா" என்றார். ஆனது. ஹேண்டில் பாரை முழுசாகத் திருப்பினால் வயர் விறைத்துக்கொண்டு ஃபிரேமில் உரசும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் ராத்திரி யூ டர்ன் அடிக்கும்போது டப். ஹெட்லைட், டெயில் லைட், மீட்டர் எல்லாம் ஒரே ஃபியூஸில் போய்ச் சேர்ந்தன. கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு இருந்த வெளிச்சமும் போய், பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். செல்போன் டார்ச்சில்தான்.

செல்போன் என்றதும் அதை ஹேண்டில் பாரில் மாட்டும் மவுன்ட் ஞாபகம் வருகிறது. எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021லேயே ஆப்பிள் கம்பெனி எச்சரித்துவிட்டது. ஆனால் மவுன்ட் விற்றவரின் பெட்டியில் அதைப் பற்றி மூச்சு இல்லை. இப்போது நான் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நிலநடுக்கம்.

டாப் பாக்ஸைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பின் சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் எடையை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் பார் நெளியும். வேகத்துக்கும் எடைக்கும் எல்லை போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பாக்ஸின் உள்பக்கம். சாமானை அடுக்கியபின் அதை யார் படிப்பது?

எனக்கு எரிச்சல் சாமான் சரியில்லை என்பதால்கூட இல்லை. மில்லிமீட்டரில் இரண்டு அளவு போட இவர்களுக்கு என்ன கஷ்டம்? கிளாம்ப் எத்தனை மி.மீ. கனம்வரை கடிக்கும், எவ்வளவு வளைவைத் தாங்கும், எத்தனை டிகிரி சாயும். அவ்வளவுதான் கேட்கிறேன். அதற்குப் பதில் பெட்டியில் என்ன போட்டிருக்கிறார்கள்? மலை, மேகம், சூரிய அஸ்தமனம், ஹெல்மெட் இல்லாமல் சிரிக்கும் ஒருவன். அவனுக்குத் தலை ஆடவே இல்லை, ஏனென்றால் அந்தப் பைக் நிற்கிறது.

கடைசியில் வழி காட்டியது ஒரு வயசான மெக்கானிக். டிஃப்ளெக்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "காத்து மேலேர்ந்துதான் வருதுன்னு யாரு சொன்னா தம்பி? வீட்ல கம்பளி நூல் இருக்கா?" என்றார். விரல் நீளத்துக்கு நூல் துண்டுகளை வெட்டி விண்ட்ஷீல்டின் ஓரத்திலும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குப் பக்கத்திலும், டேங்கின் மேலும் டேப் போட்டு ஒட்டினோம். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். மேல் விளிம்பில் இருந்த நூல்கள் ஒழுங்காகப் பின்னால் படுத்திருந்தன. டேங்கின் மேல் ஒட்டிய நூல்களோ பேய் பிடித்த மாதிரி மேல்நோக்கி ஆடிக்கொண்டிருந்தன. காற்று ஃபோர்க்குக்கும் ஃபேரிங்குக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகக் கீழேயிருந்து ஏறி வந்து என் தாடைக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் இத்தனை நாளும் கூரையை உயர்த்திக்கொண்டிருந்தேன், ஒழுகியது தரை.

டிஃப்ளெக்டரைக் கழற்றினோம். விண்ட்ஷீல்டின் கீழ் போல்ட்டுகளுக்குப் பின்னால் இரண்டு இரண்டு வாஷர் போட்டுச் சாய்வைக் கொஞ்சம் மாற்றினோம். அந்த இடைவெளியை அடைக்க என்ன இருக்கிறது என்று தேடியபோது அந்த அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. காது வடிவில் இரண்டு துண்டு வெட்டி, ஹேண்டில் பார் திரும்பும்போது தட்டாத மாதிரி ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஆளில்லாத சாலையில் எண்பது வரை போய்ப் பார்த்தேன். தலை ஆடவில்லை. இறங்கிப் பார்த்தால், வெட்டியதில் மற்ற எழுத்தெல்லாம் போய் வலது பக்க அட்டையில் "பொருந்தும்" என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

நேற்று மழை. இரண்டு அட்டையும் ஊறித் தொங்கிவிட்டன.