காக்கி உறைக்குள் போன சான்றிதழ்

செவிலியர் சங்கங்கள் சந்தா வாங்குவதோடு சரி, வேறெதுவும் செய்வதில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதி நிஜம். டெல்லியில் நான் நர்ஸாகச் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் முதல் நாளே பிளஸ் டூ மார்க் ஷீட்டிலிருந்து எல்லா அசல் சான்றிதழையும் காக்கி உறைக்குள் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்கு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்டு, அதாவது ஒப்பந்தம். எந்தச் சங்கமும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் 1908-ல் தொடங்கிய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் (டெல்லி கிரீன் பார்க்கில்தான் ஆபீஸ்) உச்ச நீதிமன்றம் வரை போனதால்தானே, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200-க்கு மேலென்றால் அரசுச் சம்பளம் என்று 2016-ல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது? அது எத்தனை இடத்தில் கைக்கு வந்தது என்பது வேறு கதை.

சங்கத்தை மட்டும் திட்டாதீர்கள். நைட் டியூட்டி முடிந்து வந்தவளை மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஹெச்.ஆர். காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு.