டிராப் ராயபுரமா? அப்போ நீங்களே கேன்சல் பண்ணிடுங்க

சென்னை சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் "வட சென்னைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று புத்தி சொல்கிறவர்களை எல்லாம் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போல இருக்கிறது: நீங்கள் கடைசியாக இங்கே வந்தது எப்போது, வந்தபோது உங்களுக்கு என்ன ஆனது? பாதிப் பேர் வந்ததே கிடையாது. சினிமாவில் நாலு பேர் கத்தியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த வட சென்னை.

போன வார இறுதியில் கோவையிலிருந்து என் கல்லூரி நண்பர்கள் வந்தார்கள். யாருக்கும் சென்னை பழக்கமில்லை. எழும்பூரில் லாட்ஜ் போட்டிருந்தார்கள், சனிக்கிழமை காலை கிளம்பி ராயபுரம் வந்துவிடுங்கள், அங்கிருந்து நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்கு போன் வருகிறது. "மச்சான், இங்க ரிசப்ஷன்ல அந்தப் பக்கம் வேணாம்னு சொல்றாங்கடா, கழுத்துல இருக்கிறதைக் கழட்டி வெச்சிட்டுப் போங்கங்கிறாங்க, பேசாம மகாபலிபுரம் போயிடலாமா?" கூட வந்த தோழிகள் பயந்துவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கு என் நண்பர்கள் வருவதற்கு, முன்பின் தெரியாத ஒருவர் செயினைக் கழற்றச் சொல்கிறார். என் அம்மா தினமும் தாலிச் சங்கிலியோடுதான் இந்தத் தெருவில் மீன் வாங்கப் போகிறார்.

சரி, ஒரு வழியாக சமாதானம் சொல்லிக் கிளப்பினால், அடுத்தது வண்டி. ஆப்பில் புக் செய்தால் உடனே டிரைவர் போன் செய்கிறார், "டிராப் எங்க சார்?" ராயபுரம் என்றதும் "அந்த சைடு வராது, நீங்களே கேன்சல் பண்ணிடுங்க". அடுத்தவரும் அதேதான். இன்னொருவர் ஒன்றுமே பேசாமல் வண்டியை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, நாமாகக் கேன்சல் செய்யட்டும் என்று காத்திருக்கிறார், செய்தால் அபராதம் நம் தலையில். எழும்பூரிலிருந்து ராயபுரம் ஆறேழு கிலோமீட்டர்கூட இருக்காது. 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற மகாபலிபுரம் என்று சொல்லியிருந்தால் வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.

டிரைவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நின்றுவிட்டால், உள்ளே மாட்டினவனுக்கு அன்றைய வருமானமே போய்விடும். ஆனால் அந்த லாரி யாருக்காக நிற்கிறது? துறைமுகம் எங்கள் பக்கம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மணலியில், அனல் மின் நிலையம் எண்ணூர்ப் பக்கம், ஊர்க் குப்பை கொடுங்கையூரில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்ததே, அதை மீனவர்கள் கையால் வாரிக் கொட்டினார்கள். நகரத்துக்குத் தேவையானதை எல்லாம் எங்கள் தலையில் இறக்கிவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் நெரிசல், அந்தப் பக்கம் போகாதே என்றால் வயிறு எரியாதா?

கடைசியில் மெட்ரோவில் வரச் சொன்னேன். சென்ட்ரலில் மாறி வண்ணாரப்பேட்டையில் இறங்கினார்கள், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இதை அந்த லாட்ஜ்காரர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். 2019லிருந்து வண்ணாரப்பேட்டைக்கும், 2021லிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது.

ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் நின்று, தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் ஆற்காடு பக்கத்தில் இருக்கிற வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது என்று சொன்னபோது நண்பன் நம்பவில்லை. சென்ட்ரல் என்றுதான் நினைத்திருந்தானாம். பம்பாயில் 1853லேயே ரயில் ஓடிவிட்டது, ஆனால் அந்த முதல் நிலையக் கட்டடம் இன்று இல்லை, இது இருக்கிறது, இன்னும் மின்சார ரயில் நிற்கிறது. இந்தியாவுக்கே பெருமையான கட்டடம், ஆனால் சென்னையில் பார்க்க வேண்டிய பத்து இடம் என்று வீடியோ போடுகிறவர்கள் மால் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ராபின்சன் பூங்கா, இப்போது அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். உங்களுக்கு எந்தக் கட்சி பிடிக்குமோ பிடிக்காதோ, தமிழ்நாட்டு அரசியல் திரும்பிய இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

மறுநாள் ஞாயிறு, பாரிமுனையில் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருந்ததால் நிம்மதியாக நடக்க முடிந்தது. தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், அப்படியே அர்மீனியன் தெருவுக்கு வந்தால் 1772ல் கட்டிய தேவாலயம், உயர் நீதிமன்றச் சுவரில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு. எல்லாம் நடக்கிற தூரத்துக்குள். சாயங்காலம் பர்மா பஜாருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. சூப்புக்குக் காசே வாங்காமல் இரண்டாவது தடவையும் ஊற்றினார் கடைக்காரர். செயினைக் கழற்றிவிட்டு வந்த தோழி ஒருத்தி அவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். எங்கே, யார் எங்களை என்ன செய்துவிட்டார்கள்?

திருவொற்றியூர் போக முடியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன், கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி, எல்லாம் சனிக்கிழமைக்கு வைத்திருந்தேன். அந்த நேரத்தை லாட்ஜ் வாசலில் நின்று வண்டி தேடியே தின்றுவிட்டார்கள்.

அடுத்த முறை லாட்ஜே வேண்டாம், எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்துத் தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன், அம்மாவும் அதையேதான் சொன்னார். விடியும் முன்னே காசிமேட்டில் மீன் ஏலம், அங்கிருந்து நேரே திருவொற்றியூர். எவரிடமும் டிராப் எங்கே என்று பதில் சொல்ல வேண்டாம்.