கேன்டீன் மேசையில் ஒரு அட்டை

"திறமை இருந்தால் எந்தத் தடையும் தடையில்லை." அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண் காத்தரின் ஜான்சன் படம் போட்டு நேற்றும் குடும்ப குரூப்பில் சித்தப்பா அனுப்பியிருந்தார். அவர் பெரியவர் என்பதால் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

கதை தெரிந்ததுதான். 1962 பிப்ரவரி. விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றி வரும் பாதையை ஐபிஎம் மெஷின் கணக்குப் போட்டுவிட்டது. அவருக்கோ மெஷின் மேல் நம்பிக்கை இல்லை. அந்தப் பெண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்றார். 'அந்தப் பெண்'ணுக்கு அப்போது வயது 43, மூன்று பிள்ளைகளின் அம்மா. காத்தரின் மேசைக் கால்குலேட்டரில் எண் எண்ணாகத் தட்டிப் பார்த்துச் சரி என்றார். க்ளென் மூன்று சுற்று போய் வந்தார்.

திறமைதான், யார் இல்லையென்றது? ஆனால் காத்தரின் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமே கிடையாது. பிள்ளைகள் படிக்கவென்றே அவர் பெற்றோர் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் குடும்பம் வைத்தார்கள். அப்படி வைக்க முடியாத வீட்டுப் பெண்கள் எந்த ஃபார்வர்டில் வருகிறார்கள்?

காத்தரின் வேலை பார்த்த லாங்லி ஆய்வுக்கூடத்தில், கணக்குப் போடும் கறுப்பினப் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய டோரத்தி வான், 1943இல் அங்கே சேரும் முன் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் கணக்கு டீச்சர். வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்கக் கோர்ட் சொன்னதும், அந்த ஊர் இருக்கும் பிரின்ஸ் எட்வர்டு கவுன்ட்டி 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்துப் பூட்டியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. க்ளென் மேலே சுற்றிய அன்று, டோரத்தி கணக்குச் சொல்லிக்கொடுத்த ஊரில் அரசுப் பள்ளிக்குப் பூட்டு. வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை காத்தரின்களோ!

எனக்குப் பிடித்தவர் அதே பிரிவில் இருந்த மிரியம் மான். லாங்லி கேன்டீனில் பின்னால் ஒரு மேசை, அதன்மேல் 'கலர்டு கம்ப்யூட்டர்ஸ்' என்று ஓர் அட்டை. (கலர்டு என்றால் கறுப்பினத்தவர். அப்போது கம்ப்யூட்டர் என்றால் மெஷின் இல்லை, கணக்குப் போடும் ஆள்.) மிரியம் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். புது அட்டை வந்தது. அதுவும் பைக்குள் போனது. வேலை போய்விடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். இவர் விடவில்லை. கடைசியில் அட்டை வருவது நின்றது. கறுப்பினப் பெண்களுக்கென்று வைத்திருந்த தனிக் கழிப்பறை ஒழிய மட்டும் நாசா பிறந்த 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைச் சித்தப்பாவுக்கு அனுப்பப் போகிறேன். குரூப்பில் இல்லை, தனியாக.