யானையின் கழுத்தில் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் யார் கையில்?

அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் கதை முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது, இப்போது எதற்கு அதைக் கிளறுகிறாய் என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்தின் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிவதற்கு முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு மெட்டு (மலைப்பாதை) ஏறும் ஜீப்புகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சாந்தன்பாறை, சின்னக்கானல் பகுதியில் யானைகளும் நடையை நிறுத்திவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் அந்த யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அசாமிலிருந்து வரவழைத்த ரேடியோ காலரை, அதாவது யானை இருக்கும் இடத்தைச் சிக்னலாக அனுப்பும் பட்டையை, கழுத்தில் மாட்டி, லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. ஆட்டோக்கள் நசுங்கின, 144 தடை உத்தரவு போட்டார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு மருத்துவமனையில் இறந்துபோனார். இவ்வளவும் நடந்தபோது காலர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. யானை நிற்கும் இடம் விண்வெளிக்குப் போய் அங்கிருந்து அலுவலகத்துக் கணினிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவுக்கு அந்தத் தகவல் யானையோடு சேர்ந்துதான் வந்தது.

நான் கம்பத்தில் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்துப் பிழைத்தவன். அதனால் மற்றவர்கள் யானையைப் பார்த்தபோது என் கண் காலர் மீது போனது. டிரான்ஸ்மிட்டரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் எப்போதும் கோபுரத்தின் உயரத்தையும் கிலோவாட்டையும்தான் சொல்வார்கள். 1901இல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுப்பிய சிக்னலை மார்க்கோனி அட்லாண்டிக்கின் மறுகரையில் கேட்டார், அதற்கும் முன்பே கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் கம்பியில்லாமல் அலையை அனுப்பி மணியை ஒலிக்க வைத்தார் என்றெல்லாம் பெருமையாகப் படிக்கிறோம். படிக்க வேண்டியதுதான். ஆனால் அனுப்புகிறவனின் கதை அதில் பாதிதான். மறுமுனையில் உட்கார்ந்து கேட்பவனுக்குச் சம்பளம் கொடுத்து, முறை வைத்து, தூங்காமல் பார்த்துக்கொண்ட இடங்களில்தான் இந்தக் கருவி உயிர் காத்திருக்கிறது என்பது என் கட்சி.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஏப்ரல் 14 இரவு அந்தக் கப்பலில் இருந்த மார்க்கோனி செட் அந்தக் காலத்தில் கிடைத்தவற்றிலேயே சக்தி வாய்ந்த ஒன்று. அதில் ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? பணக்காரப் பயணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், கம்பெனிக்கு அதில்தான் வருமானம். பக்கத்தில் பனிப்பாறைகளுக்கு நடுவே நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ் எச்சரிக்கை சொல்ல வந்தபோது, வேலையாக இருக்கிறேன், வாயை மூடு என்று பதில் வந்தது. கலிஃபோர்னியனில் இருந்தது ஒரே ஆபரேட்டர். விடிந்ததிலிருந்து வேலை பார்த்த மனிதர், இரவு பதினொன்றரை மணிவாக்கில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து டைட்டானிக் மோதியது. உதவி கேட்டு அனுப்பிய சிக்னல் அருகிலிருந்த கப்பலின் ஏரியலைத் தொட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. தொலைவில் இருந்த கார்பேத்தியாவின் ஆபரேட்டர் ஹரால்ட் காட்டம் படுக்கப் போகும் நேரத்திலும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இருந்தார். 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தது அந்தத் தற்செயலால்.

எவன்ஸைத் திட்டுவதில் பயனில்லை. இரவில் விழித்திருந்து கேட்க வேண்டும் என்று அவருக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவும், 1914இல் கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையும் பயணிகள் கப்பல்களில் இருபத்துநான்கு மணி நேரமும் காது கொடுத்திருக்க ஆள் வேண்டும் என்று விதி செய்தன.

அதற்குப் பின் வந்த ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கப்பல்களின் ரேடியோ அறையில் மாட்டியிருக்கும் கடிகாரத்தில் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரைக்கும், 45லிருந்து 48 வரைக்கும் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்த மூன்று மூன்று நிமிடங்கள் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஆபத்து அழைப்பு அலைவரிசையில் உலகத்தின் எந்தக் கப்பலும் எந்தக் கரை நிலையமும் பேசக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். எங்காவது ஒரு மூலையில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் சிறிய படகு முனகினால் அது இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக. பகை நாட்டுக் கப்பல்கள், போட்டிக் கம்பெனிகளின் கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு அந்நியன் ஒருவனின் அலறலுக்காகக் காத்திருந்த நிமிடங்கள் அவை. செயற்கைக்கோள் வழி அமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்து 1999இல் மோர்ஸ் குறிகளுக்காகக் காது கொடுத்திருந்த காவல் ஓய்வு பெறும் வரை அந்தக் கடிகாரங்கள் ஓடின. இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

நம் நாட்டில் ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டும் உண்டு. 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவைத் தொடங்கினார்கள். இடத்தை மாற்றி மாற்றி நவம்பர் 12 வரை நடத்தி அன்று பிடிபட்டார்கள். அந்த ஒலிபரப்பைத் தவறாமல் கேட்டுக் குறிப்பெடுத்த நேயர்கள் யார் தெரியுமா? போலீசார்தான். எதிரியாக இருந்தாலும் கேட்கிற வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி காலருக்கு வருகிறேன். அதன் வம்சாவளி ஆகாயத்தில் தொடங்குகிறது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஏவிய ஸ்புட்னிக்கில் கேமரா இல்லை. ஒரு வாட் சக்தியில் 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் பீப் பீப் என்று மூன்று வாரம் கத்திவிட்டு பேட்டரி தீர்ந்து அடங்கிய பந்து அது. வீட்டில் ஷார்ட்வேவ் செட் வைத்திருந்த சாதாரண மனிதன்கூடக் கேட்கும்படியான அலைவரிசை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கயர், வைஃபன்பாக் என்ற இருவர் அதைக் கேட்கத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் நெருங்கும்போது ஒலி சற்று ஏறியும் விலகும்போது இறங்கியும் வந்தது. ரயில் கூவிக்கொண்டு ஸ்டேஷனைக் கடக்கும்போது நம் காதில் விழுவதும் இதே ஏற்ற இறக்கம்தான். அந்த வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டே ஸ்புட்னிக் எந்தப் பாதையில் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மறு ஆண்டு அவர்களுடைய மேலாளர் ஃப்ராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: செயற்கைக்கோளின் பாதை தெரிந்தால், கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று சொல்ல முடியுமா? முடியும். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வழி சொன்ன டிரான்சிட் செயற்கைக்கோள்கள் அப்படித்தான் பிறந்தன, ஜிபிஎஸ் அதற்கு அடுத்த தலைமுறை. தூரத்தில் கேட்ட ஒரு பீப்பை இரண்டு பேர் பொறுமையாகக் குறித்துவைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

காட்டு விலங்கின் கழுத்தில் டிரான்ஸ்மிட்டர் ஏறியதும் அதே காலத்தில்தான். 1961இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் பெரிய கரடிகளுக்குக் காலர் மாட்டி, கையில் ஆன்டெனாவோடு மலையேறி இறங்கினார்கள். இன்றைய யானைக் காலரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஜிபிஎஸ் வழியாகத் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, குறித்த இடைவெளியில் செயற்கைக்கோளுக்கு அனுப்புவது ஒன்று. அருகில் வந்தவர்கள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் திசை பார்க்கும்படி விஎச்எஃப் என்ற ரேடியோ அலையில் துடித்துக்கொண்டே இருப்பது மற்றொன்று. அடிக்கடி அனுப்பினால் பேட்டரி சீக்கிரம் தீரும், குறைவாக அனுப்பினால் இரண்டு தகவலுக்கு நடுவே யானை ஒரு ஊரைக் கடந்துவிடும். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த சோலையிலும் சிக்னல் தாமதமாகும். இந்தக் குறைகளைச் சொல்லி வனத்துறை ஊழியர்களை நான் பழிக்கப் போவதில்லை. மழையிலும் இருட்டிலும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அந்த யானையின் பின்னால் அலைந்தவர்கள் அவர்கள். எல்லையில் இருக்கும் குமுளியில் வீடுகளை ஒட்டி அது வந்தபோது சிக்னலைப் பார்த்து ஓடிப்போய் விரட்டியவர்களும் அவர்கள்தான்.

என் கோபம் வேறு. ரிசீவர் ஒரு மாநிலத்தின் வனத்துறைக்குச் சொந்தம், அங்கிருந்து அடுத்த மாநிலத்தின் வனத்துறைக்குச் செய்தி, அங்கிருந்து மாவட்ட நிர்வாகம், கடைசியில்தான் மக்கள். யானை நான்கு கால்களால் கடக்கும் எல்லையைத் தகவல் கோப்பில் ஏறிக் கடக்கிறது. 2024 பிப்ரவரி 10 அன்று வயநாட்டில் மானந்தவாடி அருகே வீட்டு முற்றத்திலேயே ஒரு மனிதரை யானை கொன்றது. அது கர்நாடகத்தில் பிடித்துக் காலர் மாட்டி விடப்பட்ட யானை. காலர் விவரம் சரியாகப் பகிரப்பட்டதா இல்லையா என்று பிறகு இரு மாநிலங்களும் மாறி மாறிப் பேசிக்கொண்டன. அடுத்த மாதம் பந்திப்பூரில் இணைந்து செயல்பட ஒப்பந்தம் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் அந்த முற்றத்துக்குத் தேவைப்பட்டது ஒப்பந்தம் இல்லை, ஒரு போன் அழைப்பு.

டிரான்ஸ்மிட்டரே இல்லாத இரவுகளும் நம் மலையில் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்களின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளிக் குடும்பங்கள், பலருக்குக் கயத்தாறுதான் சொந்த ஊர். மின்சாரம் இல்லை, கைப்பேசித் தொடர்பு இல்லை. வெளியுலகம் அறிந்தது மறுநாள் காலையில். கைப்பேசியும் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான், ஆனால் டவர் செத்துவிட்டால் அது எழுதாத சிலேட்டு. பேட்டரியில் ஓடும் ஒரு வாக்கி டாக்கி அந்த லயத்தில் இருந்து, அடுத்த எஸ்டேட்டில் அதைக் கேட்க ஒருவர் விழித்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

இதற்கு விடை எங்கோ வெளிநாட்டில் இல்லை, வால்பாறையில் இருக்கிறது. அங்கே யானைகளால் இறந்தவர்களில் பெரும்பாலோர், பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போனவர்கள். இதைக் கவனித்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் யானைக்குப் பதிலாக மக்களிடம் கருவியைக் கொடுத்தார்கள். யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று மாலையில் உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடியது, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது. சாலை ஓரக் கம்பங்களில் சிவப்பு விளக்குகள் வைத்து, யானை வந்தால் அந்தந்த ஊர்க்காரரே கைப்பேசியிலிருந்து எரிய வைக்கும்படி செய்தார்கள். வேலை முடிந்து இருட்டில் இறங்கும் தொழிலாளி தூரத்திலேயே விளக்கைப் பார்த்து நின்றுவிடுவார். உயிரிழப்புகள் குறைந்தன. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அந்த விளக்கை எரிய வைப்பதற்குக் குமுளியில் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குக் கடிதம் போக வேண்டியதில்லை.

(கருத்துப் பகுதியில் யாராவது முல்லைப் பெரியாறு அணைச் சண்டையைத் தொடங்கினால் அந்தக் கருத்தை நீக்கிவிடுவேன். அரிக்கொம்பன் ரசிகர்களும் அரிக்கொம்பனைத் திட்டுகிறவர்களும் தனியாக வேறு பதிவில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.)

போன வாரம் ஏலக்காய் எடுக்கப் போகும் எங்கள் சித்தியிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பட்டையில் என்ன வேண்டுமானாலும் ஓடட்டும் தம்பி, ஜீப் ஓட்டுகிறவனுக்குச் சொல்வார்களா?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியை வைத்தே திட்டம் போடலாம்.

ஜீப் ஓட்டுநர்கள், தோட்டத்துச் சூப்பர்வைசர்கள், கங்காணிகள், சோதனைச் சாவடி ஊழியர்கள் எல்லோரையும், எந்த மாநிலத்து எண் என்று பார்க்காமல், ஒரே எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதிகாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை, ஜீப்புகள் ஏறும் நேரத்தில், தமிழிலும் மலையாளத்திலும் பேசத் தெரிந்த ஒருவர் குமுளியிலோ கம்பத்திலோ அந்த வேலைக்கென்றே உட்கார வேண்டும். கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலை 100.5இல் எல்லையின் இரண்டு பக்கமும் கேட்கிறது, மலை உச்சியில் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் சும்மா பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டுக்கு நான் எதிரி இல்லை, என் கடைக்குச் சோறு போட்டதே அந்தப் பாட்டுகள்தான். விடியற்காலையில் இரண்டு நிமிடம் பாட்டை நிறுத்தி, எந்த மலைப்பாதையில் யானை நிற்கிறது என்று சொன்னால் போதும். தூரத்து லயங்களுக்கு, இந்தியாவில் உரிமம் தேவையில்லாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளைத் தோட்ட நிர்வாகங்களே வாங்கிக் கொடுக்கலாம். மலை மறைத்தால் எட்டாதுதான். ஆகவே மேட்டில் இருக்கும் லயம் ஒன்று கேட்டு அடுத்ததற்குச் சொல்லும்படி வரிசை அமைக்க வேண்டும். இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கண்ட அலைவரிசையில் வேலை செய்யும் செட்டை வாங்காதீர்கள், அது சட்ட விரோதம். எந்த செட் எந்த அலைவரிசை என்று தெரியாதவர்கள் கடைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். தேனி ஆட்சியர் அலுவலகத்துக்குத் தமிழில் ஒன்று, இடுக்கி ஆட்சியர் அலுவலகத்துக்கு மலையாளத்தில் ஒன்று. மலையாள மனுவைப் பிழை பார்த்துத் தர குமுளிப் பக்கத்து நண்பர்கள் யாராவது முன்வர வேண்டும். கையெழுத்துப் போட விரும்பும் ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களும் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் ஜீப்புகள் இறங்கியிருக்கும்.