முதல் போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு பாரம் போதும்

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டுச் செயலி வடிவமைப்புக்கு வர நினைக்கும், மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துத் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். பிரபலமான இசைச் செயலிக்குப் புதுச் சாயம் பூசி போர்ட்ஃபோலியோ (வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பு) கட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதனால் யாருக்கும் ஒரு சிக்கலும் தீராது. வீட்டில் அம்மா நிரப்பத் திணறும் ஓர் இணையப் பாரத்தை (படிவத்தை) எடுத்துச் சரிசெய்யுங்கள்.

பெயர்க் கட்டத்தையே பாருங்கள். நம் பெயர் நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வரும். எழுத்தும் இடைவெளியும் மட்டும் ஏற்கிற பாரம் அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் 'தவறான பெயர்' என்று சிவப்பில் காட்டும். கோட்டை எடுத்துவிட்டு அனுப்பினாலோ, அடையாள அட்டையிலுள்ள பெயரோடு ஒத்துப்போகாது. குடும்பப் பெயர் எனத் தனிக்கட்டம் வைப்பதும் நமக்குப் பொருந்தாது. 'அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வையுங்கள்.

அட்டை எண் 12 இலக்கம். நடுவில் வரும் இரண்டு சிறுகோடுகளையும் சேர்த்தால் 14 குறிகள். கட்டத்துக்கு 12 என வரம்பு வைத்திருந்தால், வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசி இரண்டு இலக்கம் சத்தமில்லாமல் வெட்டுப்படும். 'எண் சரியில்லை' என்று வரும். எங்கே சரியில்லை என்று யாருக்கும் புரியாது. கோட்டோடு வாங்கிக்கொண்டு, நிரலுக்குள் நீக்குங்கள். எண் விசைப்பலகை தானாகத் திறக்கட்டும்.

பொத்தான் அளவுக்கு ஆப்பிள் 44 புள்ளி சொல்கிறது, கூகிளின் மெட்டீரியல் வடிவமைப்பு நெறி 48 டிபி (ஆண்ட்ராய்டு திரை அளவு அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர். 2023இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 (எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல் நெறிமுறை) குறைந்தபட்சமாக 24 பிக்சல் கேட்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கைக்கு அந்த 24 போதவே போதாது. தொடுதிரை விரலின் மின்கடத்தலை வைத்துத்தான் தொடுகையை உணர்கிறது. காய்த்து வறண்ட தோலில் அது மங்கும். வியர்வைத் துளி விழுந்தால் தொடாத இடம்கூடத் தொட்டதாகப் பதிவாகும். 48க்குக் குறையாதீர்கள். 'அனுப்பு', 'ரத்து' இரண்டையும் ஒட்டி வைக்கவே வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கு வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு வரை கொடுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் மேலே இகரக் குறியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். பொத்தான் அகலத்தையும் பூட்டிவைக்காதீர்கள்.

பெரிய தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. குறுஞ்செய்தியில் வந்த ஆறிலக்க உறுதிப்படுத்தும் எண்ணைப் பார்க்கப் போய்த் திரும்பினால், நினைவகம் குறைந்த கைப்பேசியில் பக்கம் மறுபடி ஏற்றப்பட்டு, நிரப்பியதெல்லாம் போய்விடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தற்காலிகமாகச் சேமியுங்கள். ஒரே கைப்பேசியை வீடே பயன்படுத்துவது நம் பக்கம் சகஜம் என்பதால், அட்டை எண்ணை மட்டும் அப்படிச் சேமிக்காதீர்கள்.

ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்ததை மடிக்கணினியில் காட்டிக் கருத்துக் கேட்பதில் பயனில்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில் போட்டு, வெயிலில் நின்று, ஐந்து பேரிடம் கொடுங்கள். "இத நிரப்புங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "இங்க என்னா தம்பி போடணும்?" என்று கேட்டால் எந்தக் கட்டத்தில் கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே கட்டத்தில் திணறி நின்றால் அந்தத் திரையை மாற்றி, வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள். பழைய திரை, அவர்கள் கேட்ட கேள்வி, புதிய திரை மூன்றையும் போர்ட்ஃபோலியோவில் அடுத்தடுத்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் காட்ட வேண்டிய பக்கம் அதுதான்.