அந்த மூக்கை யாருக்கு ஒட்டினோம்?

போன வெள்ளிக்கிழமை நடந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும். எங்க அன்பியம் (பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு நேரடியாகத் தெரியும், மற்றவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி என் சொந்தக்காரர் ஒருத்தரே "நம்ம வீட்டு யூதாஸ்", அதாவது காட்டிக்கொடுத்தவன், என்று எனக்குப் பெயர் வைத்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லாததற்குத்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறேன். சிலுவைப்பாதை முடிந்ததும் மண்டபத்தில், இயேசுவின் பாடுகளை மெல் கிப்சன் இயக்கிய 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' படத்தைப் போட்டார்கள். போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. படம் கெட்ட படம் என்றும் சொல்லவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் மைக்கைப் பிடித்த பெரியவர், முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த மறைக்கல்விப் பிள்ளைகளைப் பார்த்து, "பாத்தீங்களா, நம்ம ஆண்டவரைக் கொன்னது யாரு? யூதனுங்க. அதுக்குத்தான் நாடு நாடா அலைஞ்சு அடிபட்டானுங்க" என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் குழுவில் எழுதியது இரண்டே வரி: "இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இது திருச்சபையின் போதனை இல்லை."

அந்த இரண்டு வரிக்குத்தான் இவ்வளவு.

(ஆணியும் சாட்டையும் ரத்தமுமாக இருக்கிற அந்தப் படத்தை எட்டு வயசுப் பிள்ளைக்குக் காட்டலாமா என்பது தனி வழக்கு. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர்கள் துணையில்லாமல் தியேட்டருக்குள் விடாத சான்றிதழ் அதற்கு. அதை இன்னொரு நாள் பேசுகிறேன்.)

எனக்கு ஏன் இது இவ்வளவு உறைக்கிறது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பதினோரு வயதில் எங்க ஊர் பாஸ்காவில், அதாவது இயேசுவின் பாடுகளை மேடையில் நடிக்கிற நாடகத்தில், நான் கூட்டத்தில் ஒரு யூதன். வசனம் ஒன்றே ஒன்று. "சிலுவையில் அறையும்!" அவ்வளவுதான். மேக்கப் போட வந்த அண்ணன் கூட்டத்தில் நிற்கிற எங்கள் எல்லாருக்கும் அட்டையில் வெட்டிய வளைந்த மூக்கு ஒன்றை ஒட்டினார். பசை காய்ந்ததும் தோல் இழுக்கும், வியர்வையில் ஓரம் பிரிந்து உதட்டில் உரசும். கோவிலில் மாட்டியிருந்த பழைய சிலுவைப்பாதைப் படங்களில் இயேசுவை அடிக்கிறவர்களுக்கு அப்படித்தான் மூக்கு. அவர் அதைப் பார்த்து வெட்டியிருக்கிறார். மேடையில் பார்க்கிறேன், இயேசுவாக நடித்த அண்ணனுக்கு அந்த மூக்கு இல்லை. மாதாவாக நடித்த அக்காவுக்கு இல்லை. பேதுருவுக்கு இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

இயேசு யூதர். மாதா யூதப் பெண். பேதுரு, யோவான், மதலேன் மரியா, சிலுவையடியில் அழுத பெண்கள் எல்லாரும் யூதர்கள். எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யப்பட்டு, யூதரின் பாஸ்கா திருவிழாவுக்கு எருசலேம் போய், தொழுகைக்கூடத்தில் ஏட்டுச்சுருளை விரித்து வாசித்த ஒரு யூதரைத்தான் நாம் ஆண்டவர் என்று கும்பிடுகிறோம். நல்லவர்களை எல்லாம் நம்ம ஆள் ஆக்கிக்கொண்டு, கெட்டவர்களுக்கு மட்டும் 'யூதன்' என்று மூக்கு ஒட்டுகிறோம். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

"விவிலியத்தில் உள்ளதுதானே" என்கிறார்கள். சரி, விவிலியத்துக்கே வருகிறேன். லூக்கா 13:1 எடுத்துப் பாருங்கள். பலி செலுத்த வந்த கலிலேயரை, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநர் பிலாத்து கொன்று, பலிகளின் ரத்தத்தோடு அவர்கள் ரத்தத்தைக் கலந்தான் என்று இருக்கிறது. அதே பிலாத்து அந்தப் படத்தில் எவ்வளவு சாதுவாக, மனசு கேட்காமல், மனைவியிடம் உண்மை என்றால் என்ன என்று புலம்பிக்கொண்டு வருகிறான்! அவன் காலத்தில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோன் எழுதியிருப்பது வேறு: லஞ்சம், கொள்ளை, விசாரணை இல்லாத கொலைகள். கடைசியில் சமாரியர்களை வெட்டிப்போட்டதற்காகத்தான் அவனை அந்தப் பதவியிலிருந்து தூக்கினார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசஃபஸ்) எழுதுகிறார். தலைமைக் குருவை நியமிப்பதும் நீக்குவதும் ரோம ஆளுநர். அன்றைய தலைமைக் குரு கயபா அப்படி நியமிக்கப்பட்டவர்தான். சிலுவை ரோமருடைய தண்டனை. ஆணி ரோமருடையது. ஆனால் மண்டபத்தில் ஒரு பிள்ளைகூட "ரோமனுங்க கொன்னானுங்க" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. இத்தாலிக்காரனை நாடு நாடாக அடி என்று யாரும் சொன்னதுமில்லை.

படத்தைப் பற்றிய இந்தப் பேச்சு நான் கிளப்பியதும் இல்லை. 2004 பிப்ரவரியில், சாம்பல் புதன் அன்று, அது வெளியாகும் முன்பே கத்தோலிக்க அறிஞர்களும் யூத அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து திரைக்கதையைப் படித்துவிட்டுக் கவலை சொன்னார்கள். மெல் கிப்சன் தன் கைக்காசு சுமார் 3 கோடி டாலர் போட்டு எடுத்தார், உலகம் முழுக்க 60 கோடிக்கு மேல் வந்தது. நற்செய்தியில் இல்லாத பல காட்சிகள் அதில் உண்டு. பிலாத்துவின் மனைவி மாதாவிடம் துணி கொண்டுவந்து கொடுப்பது ஜெர்மனி கன்னியாஸ்திரி அன்னா கத்தரீனா எம்மரிக் கண்ட காட்சிகளாக 1833இல் வெளியான புத்தகத்திலிருந்து வந்தது. படம் முடிந்ததும் "அப்படியே பைபிள்" என்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். படத்தில் நல்ல யூதர்களும் வருகிறார்கள். சிலுவையைத் தாங்குகிற சீமோனை ரோம வீரன் 'யூதன்' என்று இழிவாகக் கூப்பிடுவான், அந்தச் சீமோன்தான் ஆண்டவர் தோளோடு தோள் கொடுப்பான். இயேசுவை விசாரிக்கிற யூதத் தலைமைச் சங்கத்திலேயே இரண்டொருவர் எதிர்த்துப் பேசுவார்கள். மாதாவாக நடித்த மாயா மார்கன்ஸ்டர்ன் ருமேனியாவின் யூதப் பெண். இதெல்லாம் உண்மை. ஆனாலும் 2006 ஜூலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானபோது, உலகத்துப் போருக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று போலீஸ்காரரிடம் கத்தியவரும் அதே இயக்குநர்தான். மன்னிப்புக் கேட்டார். கேட்டாலும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

"பழைய கதை, இப்ப எதுக்கு" என்று ஒருவர். பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1215இல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம், ஈஸ்டருக்கு முந்தின நாட்களில் யூதர்கள் வெளியே நடமாடக்கூடாது என்று சட்டம் போட்டது. நாம் உபவாசம் இருந்து அழுகிற அதே நாளில் அவர்கள் கதவை அடைத்து உள்ளே இருந்தார்கள். 1903இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரத்தில் ஈஸ்டர் ஞாயிறு அன்று கூட்டம் கிளம்பி 49 யூதர்களைக் கொன்றது. கோவிலுக்குப் போய்விட்டு வந்த கூட்டம். அதற்கு நாற்பத்திரண்டு வருஷத்துக்குள் ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். இதற்கெல்லாம் ஒரு நாடகமோ படமோ காரணம் என்று நான் சொல்லவில்லை. "அவனுங்கதான் ஆண்டவரைக் கொன்னானுங்க" என்ற அந்த ஒரு வரி அத்தனை நூற்றாண்டும் பிள்ளைகள் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்கிறேன். அதே வரிதான் போன வெள்ளிக்கிழமை எங்க மண்டபத்தில் மைக்கில் வந்தது.

ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்று ஒரு கிராமம். கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றினால் பாடுகளை நடித்துக் காட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு 1634இலிருந்து ஊரே நடிக்கிறது. நம்ம பாஸ்கா மாதிரிதான். அங்கேயும் யூதக் குருக்களுக்குக் கொம்பு வைத்த தொப்பி. 1934இல் ஹிட்லர் வந்து உட்கார்ந்து பார்த்தான், பிற்பாடு அதைப் புகழ்ந்தும் பேசினான். அந்த ஊர்க்காரர்கள் மெதுவாக, சண்டை போட்டுக்கொண்டே, மாற்றினார்கள். தொப்பி போனது. 2000இல், மத்தேயு நற்செய்தியில் கூட்டம் பிலாத்துவிடம் சொல்கிற "ரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்ற வசனத்தை எடுத்தார்கள். இப்போது அங்கே இயேசு தோரா சுருளைத் தூக்கிப் பிடித்து எபிரேயத்தில் செபிக்கிறார். யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை. நேர்த்திக்கடனும் நிற்கவில்லை.

திருச்சபையும் இதைச் சொல்லிவிட்டது, நான் புதுசாகச் சொல்லவில்லை. 1965 அக்டோபர் 28, இரண்டாம் வத்திக்கான் சங்கம்: பாடுகளில் நடந்ததை அன்று வாழ்ந்த எல்லா யூதர்மேலும் போட முடியாது, இன்றைய யூதர்மேலும் போட முடியாது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இருந்த வசைச் சொல்லைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இலேயே எடுத்துவிட்டார். அறுபது வருஷமாக இருக்கிற போதனையைச் சொன்னதற்கு எனக்கு யூதாஸ் பட்டம்.

அடுத்தது, நான் எதிர்பார்த்ததுதான். "காசாவில் பிள்ளைகளைக் கொல்கிறவனுக்கு வக்காலத்தா?" இதை எழுதியவருக்கு என் பழைய பதிவுகள் தெரியும். காசாவுக்காக நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன், எந்த ராத்திரி அழுதிருக்கிறேன் என்று இதே சுவரில் இருக்கிறது. ஒரு அரசாங்கம் குண்டு போட்டால் அந்த அரசாங்கத்தைக் கேளுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அந்தக் குண்டுக்கும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சிலுவைக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? அந்த முடிச்சு காசாவில் ஒரு பிள்ளையையும் காப்பாற்றாது.

"நம்ம ஊர்ல யூதனே இல்ல, யாருக்கு நஷ்டம்?" இதைக் கேட்டவர் என் வகுப்புத் தோழர். அவரிடம் ஒன்று கேட்கிறேன். ஆறாம் வகுப்பில் நம் இரண்டு பேரையும் "பால்பவுடருக்கு மாறினவனுங்க" என்று ஒருவன் சொன்னானே, மறந்துவிட்டதா? நம் தாத்தாவுக்குத் தாத்தா எதற்காக ஞானஸ்நானம் வாங்கினார் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அதற்கான கணக்கைப் பதினோரு வயதில் நம்மிடம் கேட்டார்கள். அன்று நீ அழுதாய். நான் அழவில்லை, பொய் சொன்னேன், எங்க வீட்டில் அதெல்லாம் இல்லை என்று. முன்னோர் பெயரில் பழி சுமக்கிறது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? தெரிந்த நாமே இன்னொருத்தன் பிள்ளைமேல் அதை எடுத்துப் போடலாமா? இங்கே யூதன் இல்லை என்றால் சொல்வது சுலபம், ஏனென்றால் எழுந்து நின்று பதில் சொல்ல யாரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அந்தப் படம் எத்தனை பேரை மனந்திருப்பியிருக்கு தெரியுமா" என்று ஒரு சிஸ்டர் எழுதியிருந்தார்கள். இதற்கு மட்டும் எனக்குக் கோபம் இல்லை. தெரியும் சிஸ்டர். 2004இல் எங்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தியேட்டரில் பார்த்தேன். படம் அரமேயிக்கிலும் லத்தீனிலும், கீழே ஓடுகிற எழுத்து ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் எந்த இடத்தில் என்ன வசனம் வரும் என்று மனப்பாடம். சாட்டையடிக் காட்சியில் என் மணிக்கட்டைப் பிடித்தவள் படம் முடியும் வரை விடவில்லை, நகம் பதிந்திருந்தது. எதிர்ப்பு வந்ததால் அந்த ரத்தப்பழி வசனத்தை எழுத்தில் எடுத்துவிட்டார்கள், பேச்சில் விட்டுவிட்டார்கள். திரையில் எழுத்து வரவில்லை. பக்கத்தில் அம்மா முணுமுணுத்தாள், "எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் விழட்டும்."

அதே அம்மாதான், நான் சின்னவனாக இருந்தபோது, பெரிய வெள்ளி வாசகத்தில் கூட்டத்தின் பகுதியை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து முழங்கையால் இடித்தவள். "நான் ஏம்மா சொல்லணும், நான் யூதனா?" என்றேன். "சொல்லுடா. நம்மதான் சொன்னோம்" என்றாள். அம்மா ஐந்தாம் வகுப்பு. 1566இல் ரோமில் வந்த மறைக்கல்வி நூல், சிலுவைக்கு யூதரைவிடப் பாவம் செய்கிற கிறிஸ்தவர்தான் பெரிய குற்றவாளி என்று எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. படத்தில் ஆணியைப் பிடித்திருக்கிற கை கிப்சனுடைய சொந்தக் கை, என் பாவம் என்று காட்டத்தான் அப்படி வைத்தார் என்பதும் தெரியாது. அந்தப் பெரியவர் பிள்ளைகளிடம் அந்தக் கையைக் காட்டியிருந்தால் நான் எழுந்து போய் அவர் காலைத் தொட்டிருப்பேன்.

இந்த வருஷம் குருத்து ஞாயிற்றுக்கு மத்தேயு பாடுகள். அந்த ரத்தப்பழி வசனம் கோவிலில் வாசிக்கப்படும். வாசிக்கட்டும், நானும் நின்று கேட்பேன். அதற்குப் பிறகு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் என் சண்டை.

பாஸ்கா ஒத்திகை தொடங்கிவிட்டது. அக்கா மகன் கூட்டத்தில் நிற்கிறான், பதினோரு வயது. நேற்று அவனைக் கூட்டிவரப் போனேன். அதே மேக்கப் அண்ணன், இப்போது தலை நரைத்துவிட்டது. தகரப் பெட்டியில் அட்டை மூக்குகள், புதுசாக வெட்டி அடுக்கியிருந்தார். "அண்ணே, ஒட்டுனா எல்லாருக்கும் ஒட்டுங்க. இயேசுவா நடிக்கிற தம்பிக்கும், மாதாவா நடிக்கிற பிள்ளைக்கும்" என்றேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடினார். நாளைக்கு ஏழு மணிக்கு மறுபடி ஒத்திகை. போவேன்.